குறுக்கே ஓடாத ஆறு

கோலகங்சாரில் இஸ்கந்தர் பாலத்தின் அடியில் பேராக் ஆறு செம்மண் கரைத்த நிறத்தில் தெற்கே போகிறது. வடக்கிலிருந்து வரும் படையை மறிக்க நிற்கும் தளபதிக்கு இதைவிடப் பயனற்ற ஆறு வாய்க்காது. கிழக்கு மேற்காக ஓடியிருந்தால் இயற்கையே வெட்டிக்கொடுத்த அகழி. இதுவோ எதிரி வரும் திசையிலேயே, அவனுக்கு வழித்துணைபோலக் கூடவே இறங்கி, தெலுக் இந்தான் பக்கம் வளைந்து நெளிந்து மலாக்கா நீரிணையில் சேர்கிறது.

1941 டிசம்பரில் பிரிட்டிஷ் படை பின்வாங்கி வந்தபோது, பேராக் ஆற்றைத் தாண்டிவிட்டால் மூச்சுவிடலாம் என்று நம்பியவர்கள் உண்டு. பாலத்தைத் தகர்த்தார்கள். 1932இல் திறந்த பாலம், பத்து வருஷம்கூட ஆகவில்லை. கீழே பிளாஞ்சாவில் இருந்த மிதவைப் பாலமும் போனது. ஆனால் ஆற்றங்கரையில் நின்று போரிடவில்லை. ஆற்றின் போக்கு அதற்கு இடம் கொடுக்கவில்லை என்பது சிங்கப்பூரில் வரைபடத்தை விரித்து உட்கார்ந்திருந்தவர்களுக்கும் தெரிந்தே இருந்தது. அவர்கள் தவறவிட்டது, அந்த ஆறு எதிரிக்கு என்னவாக இருக்கும் என்ற கேள்வியை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஈப்போவில் பிடித்த வாடகைக் காரின் ஓட்டுநர் புந்தோங்காரர். கச்சான் பூத்தே கொறிக்காமல் யாரையும் ஊரைவிட்டு அனுப்பமாட்டார்கள் என்ற பெயர் எடுத்த பகுதி. "எஸ்டேட் பார்க்கவா, கோயில் பார்க்கவா அண்ணே?" என்று கேட்டார். சண்டை நடந்த இடங்களைப் பார்க்க என்றேன். "எந்தச் சண்டை?" என்று கேட்டது நியாயமான கேள்விதான். ஜப்பான்காரன் சண்டை, அதற்குப் பிறகு கம்யூனிஸ்டுகளோடு நடந்த அவசரகாலம், ஈயத்துக்காகச் சீனக் குழுக்கள் போட்ட பழைய சண்டைகள் என்று இந்த மாநிலம் கண்ட சண்டைகள் பல.

நான் தேடி வந்தது இரண்டே வாரச் சண்டை. 1941 டிசம்பர் 23 வாக்கில் பேராக் ஆற்றைத் தாண்டியதிலிருந்து, 1942 ஜனவரி 7 காலை சிலிம் ஆற்றுப் பாலத்தில் எல்லாம் முடிந்ததுவரை. இந்த இரண்டு வாரத்தில் சில மனிதர்கள் எடுத்த முடிவுகளை, அவை எடுக்கப்பட்ட மண்ணின் மேலேயே நின்று படித்துப் பார்க்க ஆசை. புத்தகத்தில் அம்புக்குறிகளாகத் தெரிபவை இங்கே ஒரு மேடு, ஒரு கால்வாய், ஒரு வளைவு.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிசம்பர் 8 அன்று ஜப்பானியர் கோத்தா பாருவிலும் தாய்லாந்தின் சிங்கோரா, பட்டானிக் கரைகளிலும் இறங்கினார்கள். நாலைந்து நாளில் கெடாவின் ஜித்ராவில் 11வது இந்திய டிவிஷன் நொறுங்கியது. அந்த டிவிஷனில் இருந்தவர்கள் பஞ்சாபிகள், சீக்கியர்கள், ஜாட்டுகள், கூர்க்காக்கள், கூடவே சில பிரிட்டிஷ் பட்டாளங்கள். எதிரே யமாஷிதாவின் 25வது ராணுவம், டாங்கிகளோடு. பிரிட்டிஷ் தரப்புக்கு மலாயா முழுவதிலும் ஒரு டாங்கிகூட இல்லை. இருந்ததெல்லாம் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்குப் போனது, மிச்சம் ரஷ்யாவுக்கு. லிபியாவின் மணலில் ரோம்மலோடு மல்லுக்கட்டுவதே முதல் வேலை என்று லண்டனில் முடிவானபோது, துரோலாக் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் விதியும் அதோடு எழுதப்பட்டுவிட்டது.

சிங்கப்பூரில் இருந்த தலைமைத் தளபதி பெர்சிவல். அவருக்குக் கீழே, களத்தில், 3வது இந்தியப் படைப்பிரிவின் தளபதி ஹீத். அந்த ஆண்டின் தொடக்கத்தில் எரித்திரியாவின் கெரன் மலைகளில் இத்தாலியரை வென்றுவிட்டு வந்தவர். இந்த இருவருக்கும் ஒத்துவரவில்லை. களைத்துப்போன படையை ஒரே மூச்சில் ஜொகூர்வரை இழுத்துவந்து, இளைப்பாற விட்டு, பிறகு சண்டையிடலாம் என்பது ஹீத்தின் எண்ணம். ஒவ்வொரு மைலுக்கும் எதிரி விலை கொடுக்கவேண்டும் என்பது பெர்சிவலின் பிடிவாதம். அதற்குக் காரணமும் இருந்தது. ஜனவரியில் கப்பல்களில் புதிய துருப்புகள் வரவேண்டியிருந்தது. அதற்குள் நடு மலாயாவின் விமானத்தளங்கள் ஜப்பானியர் கைக்குப் போனால், அங்கிருந்தே விமானங்கள் எழும்பி அந்தக் கப்பல்களை மூழ்கடிக்கும்.

என்னைக் கேட்டால் இருவர் கணக்கும் சரிதான். இரண்டையும் பாதிப்பாதியாகச் செய்ததுதான் கெடுதல். நின்று போரிடும் அளவுக்குத் தூக்கமும் இல்லை, போய் இளைப்பாறும் அளவுக்கு விடுதலையும் இல்லை. சிப்பாய்கள் பகலெல்லாம் குழி தோண்டி, ராத்திரியெல்லாம் நடந்து, மறுபடி குழி தோண்டினார்கள். டிவிஷன் தளபதி மர்ரே-லயனை டிசம்பர் கடைசியில் நீக்கிவிட்டு பாரிஸ் என்ற பிரிகேடியரை அந்த இடத்தில் வைத்தார்கள். ஆள் மாறியது, தூக்கம் வரவில்லை.

ஈப்போ டிசம்பர் 28இல் விழுந்தது. ஊரின் வெள்ளைச் சுண்ணாம்புக்கல் மலைகளைப் பார்த்தால் இங்கேயே அரண் கட்டியிருக்கலாமே என்று தோன்றும். ஆனால் அவை தனித்தனியாக முளைத்த மலைகள். நடுவே எங்கும் வழி. கட்டடக்கலைஞர் ஹப்பாக் கட்டிய ரயில் நிலையத்தின் குவிமாடத்தைப் பார்த்துக்கொண்டு காப்பி குடிக்கும்போது நினைவுக்கு வந்தது பெர்சிவல் அல்ல, ஈப்போ தொலைபேசி நிலையத்துப் பெண்கள். சீன, யுரேசியப் பெண்கள். குண்டு விழுந்துகொண்டிருந்தபோதும் எழுந்து போகாமல் ராணுவத்துக்கு இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், போகச் சொல்லும்வரை.

அவர்களைப்போலவே இன்னொருவர், சிபில் கார்த்திகேசு. கணவர் இலங்கைத் தமிழ் மருத்துவர். குண்டுவீச்சுக்குப் பின் ஈப்போவிலிருந்து பாப்பானுக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே மெயின் ரோடு 74ஆம் எண் வீட்டில் காயம்பட்ட கெரில்லாக்களுக்கு சிபில் ரகசியமாக மருத்துவம் பார்த்தார். 1943இல் பிடிபட்டு, சித்திரவதைப்பட்டு, 1948இல் இறந்தார். கைவிட்டுப் போன அரசு அவர் இறப்பதற்கு முன் ஜார்ஜ் பதக்கம் கொடுத்தது. பாப்பான் இன்று பாதி இடிந்த கடைவீடுகளின் தெரு. அந்த வீட்டை ஊர்க்காரர்கள் நினைவிடமாக வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக் கூரையிலிருந்து ஆலமரம் ஒன்று தெருவை எட்டிப் பார்க்கிறது.

கம்பாருக்குத் தெற்கே போகும் சடக்கில் இருபுறமும் குளங்கள். எல்லாம் பழைய ஈயலம்பங்கள். மண்ணைத் தோண்டி, கழுவி, ஈயத்தை எடுத்துக்கொண்டு, குழியைத் தண்ணீருக்கு விட்டுவிட்டார்கள். பிரிட்டிஷ் பீரங்கிகளுக்கு இதுவே வரமானது. மலாயாவில் எங்கும் ரப்பர் மரங்கள் கண்ணை மறைக்க, இங்கே மட்டும் மேற்கே மைல்கணக்கில் வெட்டவெளி. கிழக்கே 4,070 அடி உயரத்தில் புஜாங் மலாக்கா மலை. மலையிலிருந்து சடக்கை நோக்கி விரல்களாக நீளும் மேடுகளுக்கு தாம்சன் மேடு, பச்சை மேடு, இடுகாட்டு மேடு என்று பட்டாளத்தார் பெயர் வைத்திருந்தார்கள்.

பச்சை மேட்டில் ஏறிப் பார்த்தேன். மேடு என்று சொன்னாலும், வியர்த்து ஊற்றும் கால்மணி நேர ஏற்றம். பதுங்குகுழிகள் இன்னமும் தெரிகின்றன. இலைச்சருகு நிறைந்து, ஓரம் மழுங்கி, முழங்கால் ஆழத்துக்கு வந்துவிட்டன. இவை இந்த அளவுக்காவது மிஞ்சியதில் கம்பார் ஆங்கிலோ சீனப் பள்ளி ஆசிரியராக இருந்த சை கூய் லூங்குக்குப் பெரும் பங்கு உண்டு. இந்தச் சண்டையின் கதையை ஆயுள் முழுக்கச் சேர்த்து எழுதியவர். சொந்த ஊரின் வரலாற்றைப் பள்ளி வாத்தியார் ஒருவர் காப்பாற்றிக் கொடுப்பது தமிழருக்குப் பழகிய கதைதான்.

இங்கே பிரிட்டிஷ் பட்டாளியன் என்று ஒன்று இருந்தது. லெஸ்டர்ஷயர், ஈஸ்ட் சர்ரே என்ற இரண்டு பட்டாளங்களும் ஜித்ராவில் சிதைந்தபின், மிஞ்சியவர்களை ஒன்றாகச் சேர்த்து வைத்த பெயர். டிசம்பர் 30 தொடங்கி ஜப்பானியர் மோதிப் பார்த்தார்கள். கிழக்கே சாஹும் பள்ளத்தாக்கு வழியாக வந்தபோது கூர்க்காக்களும் பீரங்கிகளும் திருப்பி அனுப்பினார்கள். ஜனவரி 1 விடியலில் தாம்சன் மேட்டில் பெரிய தாக்குதல். 2ஆம் தேதி ஜப்பானியர் குழிகள் சிலவற்றைப் பிடித்து உட்கார்ந்துகொள்ள, அவற்றை மீட்க 8வது பஞ்சாப் படையின் சீக்கியக் கம்பெனி ஒன்று துப்பாக்கி முனைக் கத்தியோடு மேடேறியது. நடத்திச் சென்ற கேப்டன் கிரஹாமுக்குக் கால்கள் சிதைந்தன. தரையில் கிடந்தபடியே ஆட்களை ஊக்கிக்கொண்டிருந்தார் என்கிறார்கள். பிறகு இறந்தார். போன சுமார் 60 பேரில் பாதிப்பேர்தான் மிஞ்சினார்கள். ஆனால் மேடு மீண்டது.

நான்கு நாள். மலாயாவில் ஜப்பானியர் முதன்முதலாகத் தடுமாறி நின்ற இடம் இது. அன்றிரவே பிரிட்டிஷ் படை கம்பாரை விட்டுக் கிளம்பியது.

தோற்காத இடத்திலிருந்து ஏன் போனார்கள் என்று தெரிய வேண்டுமானால் மேற்கே தெலுக் இந்தானுக்குப் போகவேண்டும். அன்றைய பெயர் தெலுக் ஆன்சன். 1885இல் கட்டிய சாய்ந்த கோபுரத்தைப் பார்க்க வரும் கூட்டத்தில் பெரும்பாலோர் ஆற்றங்கரைக்கு வருவதில்லை. கோபுரத்திலிருந்து சில நிமிட நடையில் பேராக் ஆறு கடல்போல அகன்று, பெரிய வளைவாகத் திரும்புகிறது. மீன்பிடிப் படகுகள் இரண்டு எதிரோட்டத்தில் உறுமிக்கொண்டு போயின.

முன்னே சொன்ன கேள்விக்கு விடை இங்கே கிடைக்கிறது. ஆறு அரணாகாது என்று பிரிட்டிஷார் விட்டுவிட்டார்கள். ஜப்பானியர் அதைச் சடக்காக எடுத்துக்கொண்டார்கள். இம்பீரியல் கார்ட்ஸ் படையின் ஒரு பிரிவு படகுகளில் ஏறி, ஆற்றோட்டத்தோடு இறங்கி வந்தது. இன்னொரு பிரிவு கடல்வழியே வந்து, தெற்கே பெர்ணம் ஆற்றில் நுழைந்து ஊத்தான் மெலிந்தாங்கில் கரையேறியது. கம்பார் மேடுகளில் நிற்பவர்களுக்கு முதுகுப்பக்கம் இது. அங்கிருந்து பிரதான சடக்கை வெட்டிவிட்டால் ஒரு டிவிஷனே பொறியில் சிக்கும். பாரிஸுக்கு வேறு வழியில்லை.

அந்தப் படகுகளில் ஒரு பகுதி சிங்கோராவிலிருந்து கொண்டுவந்தவை. ஒரு பகுதி பினாங்கில் கிடைத்தவை. டிசம்பர் நடுவில் பினாங்கைக் கைவிட்டபோது, ஐரோப்பியரை மட்டும் ராவோடு ராவாகக் கப்பலேற்றிவிட்டு மற்றவர்களைத் தெருவில் விட்டுப் போனார்கள். அந்த அவசரத்தில் துறைமுகத்துச் சிறு படகுகளை மூழ்கடிக்கவில்லை, வானொலி நிலையத்தை உடைக்கவில்லை. வானொலி உடனே ஜப்பானியர் குரலில் பேசத் தொடங்கியது. படகுகள் இரண்டு வாரம் கழித்து இங்கே வந்தன. பச்சை மேட்டிலிருந்து பின்வாங்கியது பினாங்குத் துறைமுகத்தில் தொடங்கியது என்று சொன்னால் மிகையாகாது.

ஆற்றை வழியாகப் பார்ப்பது பிரிட்டிஷ் ராணுவத்துக்குத் தெரியாத வித்தையும் அல்ல. அதற்கு 26 ஆண்டுகளுக்கு முன் இராக் பாலைவனத்தில், டைக்ரிஸ் ஆற்றையே ஒரே சாலையாக நம்பி, இந்தியப் படையோடு ஜெனரல் டவுன்ஷெண்ட் பாக்தாத்தை நோக்கிப் போனார். 1915 நவம்பரில் டெசிஃபோனில் அடிபட்டு, கூத் அல் அமராவுக்குத் திரும்பி, அங்கே முற்றுகையில் மாட்டினார். படகுகள் போதவில்லை. உணவு ஏற்றிவந்த நீராவிப் படகு உள்ளே வர முடியவில்லை. 1916 ஏப்ரல் 29 அன்று சுமார் 13,000 பேர் சரணடைந்தார்கள். ஆறு யார் கையில் படகு இருக்கிறதோ அவனுக்கே சொந்தம் என்று அந்தப் பாலைவனம் காட்டியிருந்தது. பினாங்குப் படகுகளுக்குத் தீ வைக்க மறந்தவர்கள் அதைப் படித்திருக்கவில்லை போலும்.

பீடோர், சுங்கை, துரோலாக். தெற்கே போகப்போக இருபுறமும் செம்பனை நெருங்குகிறது. 1942இல் இவ்வளவும் ரப்பர். பழைய தோட்டங்கள் பெயரை வைத்துக்கொண்டு பயிரை மாற்றிக்கொண்டுவிட்டன. பால்மரத்துக்கடியில் வெளிச்சம் ஒருமாதிரி பச்சைச் சாம்பலாக இருக்கும், வரிசை வரிசையாகத் தூரம்வரை பார்க்கலாம். செம்பனைக்கடியில் பத்தடிக்கு அப்பால் இருட்டு. சண்டை நடந்த நிலத்தை இன்று பார்க்கிறவன் மனசுக்குள் மரங்களை மாற்றி நட்டுக்கொண்டுதான் பார்க்கவேண்டும்.

துரோலாக்கில் 12வது பிரிகேட் நின்றது. தளபதி இயன் ஸ்டூவர்ட். தன் ஆர்கைல் பட்டாளத்தைப் போருக்கு முன்பே காட்டுக்குள் விட்டுப் பழக்கியவர். மலாயாவில் அப்படிச் செய்தவர் அபூர்வம் என்பதால் மற்ற அதிகாரிகள் அவரைக் கிறுக்கர் என்றார்கள். ஆகவே இங்கே நடந்ததை மூடர்களின் கதையாகச் சொல்லிவிட முடியாது. காட்டை அறிந்தவர் சடக்கில் தோற்ற கதை இது.

சடக்கும் ரயில்பாதையும் காட்டுக்கு நடுவே ஒடுங்கிப் போகும் இடம். முன்னே 4/19 ஹைதராபாத், அதன் பின்னே 5/2 பஞ்சாப், அதற்கும் பின்னே துரோலாக் கிராமத்தில் ஆர்கைல். ஒன்றன்பின் ஒன்றாகச் சடக்கு நெடுக நிறுத்தினார். எதிரி எப்போதும்போலக் காட்டுக்குள் நுழைந்து பக்கவாட்டில் வருவான் என்பது கணக்கு. டாங்கியைத் தடுக்கக் கொஞ்சம் கண்ணிவெடி, சில கான்கிரீட் தடைகள். பீரங்கிகள் பெரும்பாலும் பின்னால், தோட்டங்களுக்குள். டாங்கியை நேருக்கு நேர் சுட அந்தப் பீரங்கிகளை முன்னால் சடக்கை நோக்கி வைக்கவில்லை. அடுத்த 28வது கூர்க்கா பிரிகேட் பின்னே ஓய்வில் இருந்தது. காலையில் இடத்துக்குப் போய் நின்றால் போதும் என்று உத்தரவு.

ஜப்பானியர் தரப்பில் அந்த வாரம் முடிவெடுத்தவர் ஒரு மேஜர். டாங்கிக் கம்பெனியின் ஷிமடா. சுற்றிப் போகத் திட்டமிட்டிருந்த கர்னல் ஆண்டோவிடம் போய், டாங்கிகளை முன்னே விட்டு, ராத்திரியில், நேராகச் சடக்கிலேயே போகிறேன் என்று கேட்டார். கர்னல் தயங்கினார், பிறகு சம்மதித்தார். காரியத்தின் முடிச்சு இந்தச் சம்மதத்தில் இருக்கிறதென்று நினைக்கிறேன். ஒருபக்கம் கீழே இருப்பவன் சொல்வதை மேலே இருப்பவன் கேட்கிறான். மறுபக்கம் பெர்சிவலுக்கும் ஹீத்துக்கும் பேச்சே சரியில்லை, ஹீத்துக்குக் கீழே தூங்காத பாரிஸ், அவருக்கும் கீழே அறுந்துபோகும் தொலைபேசிக் கம்பி.

ஜனவரி 7, நிலவு வெளிச்சம், அதிகாலை மூன்றரை. முதல் தடையை ஹைதராபாத்காரர்கள் காத்தார்கள். டாங்கிகள் உடைத்துக்கொண்டு வந்தன. பஞ்சாப் படையின் முன்னே கண்ணிவெடியில் முதல் டாங்கி நின்றதும் பின்னால் வந்தவை நெருக்கியடித்து நின்றுவிட்டன. கொஞ்ச நேரம் சண்டை உண்மையிலேயே நடந்தது.

அப்புறம் டாங்கிகள் பழைய சடக்கைக் கண்டுகொண்டன. பிரதான சாலையை நேராக்கியபோது விட்டுப்போன பழைய வளைவுகள், ரப்பர் மரங்களுக்குள் கிளை பிரிந்து, கொஞ்ச தூரத்தில் மறுபடி பெரிய சடக்கில் வந்து சேர்கின்றன. புல் முளைத்துக் கிடந்தாலும் அடித்தளம் கெட்டி. அவற்றை யாரும் அடைத்துவைக்கவில்லை. டாங்கிகள் உள்ளே திரும்பி, பஞ்சாபிகளின் முதுகுப்பக்கம் வெளியே வந்தன.

தோட்டத்துச் சனங்களை யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். பெரட்டுக்குப் போகிறவர்களும் பால்வாளி தூக்கிப் போகிறவர்களும் நடந்த வழிகள் அவை. தோட்டத்துப் பாதைகளைக் கொத்திக் கல் பரப்பியதும் பெரும்பாலும் நம் சனங்களே. ஆனால் பிரிகேட் வரைபடத்தில் லயங்கள் சின்னச் சின்னக் கறுப்புக் கட்டங்கள். கறுப்புக் கட்டத்திடம் யார் வழி கேட்பார்கள்?

மிச்சத்தை விரிவாகச் சொல்லக் கை வரவில்லை. ஆர்கைல் படையைக் கடந்து, குளூனி தோட்டத்தருகே, இடத்தைப் பிடிக்கச் சடக்கில் வரிசையாக நடந்துகொண்டிருந்த கூர்க்காக்களின் பின்னாலிருந்து டாங்கிகள் வந்து விழுந்தன. முன்னே என்ன நடந்தது என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. எட்டரை மணி வாக்கில் சிலிம் ஆற்றுப் பாலம். அங்கே இருந்தவை விமானத்தைச் சுடும் சிறு பீரங்கிகள், குண்டுகள் டாங்கியில் பட்டுத் தெறித்தன. பாலத்தைத் தகர்க்க வைத்திருந்த வெடியின் கம்பியை வதனாபே என்ற இளம் அதிகாரி கீழே குதித்து வாளால் வெட்டினார். அரை நாளுக்குள் சுமார் 30 கிலோமீட்டர். இரண்டு பிரிகேடுகள் இல்லாமல் போயின. சுமார் 500 பேர் சாவு, 3,200 பேர் சிறை.

பாலம் தாண்டி இரண்டு மைல் போனதும் ஒற்றை ஹோவிட்சர் பீரங்கி, நேருக்கு நேராகச் சுட்டு முன்னால் வந்த டாங்கியை நிறுத்தியது. ஓட்டம் அங்கே முடிந்தது. துரோலாக்கில் முதல் தடையிலேயே செய்திருக்கக்கூடிய வேலை. போருக்குப் பின் ஸ்டூவர்ட், பீரங்கிகளை டாங்கிக்கு எதிராக வைக்காமல் விட்டது தன் பிழை என்றும், டாங்கியைத் தடுக்கும் கூட்டுப் பயிற்சியைத் தான் பார்த்ததே இல்லை என்றும் எழுதி ஒப்புக்கொண்டார். இந்தச் சண்டையில் சம்பந்தப்பட்ட பெரிய தலைகளில் இவ்வளவு நேராகப் பேசியவர் அவர்தான்.

மறுநாள் பெர்சிவலுக்கும் மேலதிகாரியான ஜெனரல் வேவல் வந்து மிஞ்சியவர்களைப் பார்த்தார். எல்லாரும் ஜொகூருக்கு என்று உத்தரவிட்டார். ஹீத் மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்ததே அது. 11ஆம் தேதி கோலாலம்பூர் போனது. தோட்டங்களுக்கு உத்தரவு எதுவும் வரவில்லை. துரைமார் ஏற்கெனவே கிளம்பிவிட்டார்கள். ரப்பரை வாங்க ஆளில்லை, அரிசி வரும் வழியில்லை. அடுத்த ஆண்டுகளில் இதே லயங்களிலிருந்துதான் பல்லாயிரம் பேரைச் சயாம் ரயில்பாதைக்கு ஏற்றிப்போனார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலைப் படித்தவர்களுக்கு மேலே சொல்லவேண்டியதில்லை.

துரோலாக்கில் பழைய வளைவு எது என்று கேட்டுக்கொண்டு நின்றோம். ஒட்டுக்கடையில் தே குடித்துக்கொண்டிருந்த பெரியவர், பால்மரம் வெட்டி ஓய்ந்தவர், எங்கள் ஓட்டுநரைப் பார்த்து, "என்னா தம்பி தேடுறீங்க?" என்றார். டாங்கி போன பழைய சடக்கு என்றோம்.

"டாங்கியா? சப்பான்காரன் சைக்கிள்லல்ல வந்தான். எங்கம்மா சொல்லியிருக்கு. ராத்திரி முழுக்க இரும்பு உருளுற சத்தமாம். சனமெல்லாம் கோயிலுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிச்சாம். விடிஞ்சி பாத்தா சைக்கிள். டயரே இல்லாத சைக்கிள்."

டயர் வெடித்த சைக்கிள்களை வெறும் இரும்பு வளையத்தில் ஜப்பானியர் ஓட்டியதும், இருட்டில் அந்த இரைச்சலை டாங்கி என்று நினைத்துச் சிப்பாய்கள் கலங்கியதும் புத்தகங்களில் உண்டு. ஆனால் ஏழாம் தேதி இங்கே வந்தவை டாங்கிகள்தான் ஐயா என்றேன்.

"அதெல்லாம் இருக்கும்," என்றார். "ஆனா பழைய சடக்கு மழைக்குச் சகதியா கிடக்கும், லோரியே இறங்காது. டாங்கி எப்படிப் போச்சுன்னு நீங்கதான் சொல்லணும்." தேயை முடித்துவிட்டு எழுந்தார். "வாங்க, காட்டுறேன். செருப்பக் கழட்டிக் கையில வச்சிக்குங்க."

ஓட்டுநர் காரைப் பூட்டிவிட்டு வந்தார். பெரியவர் செம்பனைக்குள் ஏற்கெனவே பத்து வரிசை முன்னே போயிருந்தார்.